காத்திருக்கும் ஆண்டுக்கு யார் சோறு போடுவது?

1968 அக்டோபர் மாதம், மெக்சிகோ நகர ஒலிம்பிக். பேராக் மாநிலம் கோலகங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அரையிறுதி வரை சென்றார். அந்த நேரம் 49 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது; 2017-இல்தான் கைருல் ஹாஃபிஸ் ஜன்தான் அதை முறியடித்தார். அதே நகரத்தில், அதே மாதத்தில், 19 வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் தம் நாட்டுக் கூடைப்பந்துக் குழுவுக்கு மிக அதிகமான புள்ளிகளைச் சேர்த்துத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அவர் பெயர் ஸ்பென்சர் ஹேவுட்.

இருவருக்கும் பொருத்தம் என்ன என்று கேட்கலாம். வயதுதான். ஜெகதீசன் முதன்முதலில் ஒலிம்பிக் திடலில் ஓடியது 1960-இல், ரோம் நகரில். அப்போது அவருக்கு வயது 16. பதினாறு வயதுப் பையன் பெரியவர்களோடு ஓடலாமா, உடம்பு தாங்குமா, படிப்பு என்னாவது என்று எந்தச் சங்கமும் விதி எழுதி வைத்திருக்கவில்லை. ஓட்டத்தில் பணம் இல்லாத காலம் அது. அவர் ஓடிக்கொண்டே சிங்கப்பூரில் மருத்துவம் படித்தார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். ‘பறக்கும் டாக்டர்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஹேவுட் கதை வேறு. அங்கே பணம் இருந்தது. பணம் வந்த இடத்துக்கு வயது விதியும் வந்து சேர்ந்தது.

பருத்திக்காட்டுப் பையனின் வழக்கு

ஹேவுட் 1949-இல் மிசிசிப்பி மாநிலத்தில் சில்வர் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பம். தாய் பருத்திக்காட்டில் கூலி வேலை செய்தார். பிள்ளைகளும் சிறு வயதிலேயே பருத்தி பறிக்கப் போனார்கள். ஐந்து வயதிலோ எட்டு வயதிலோ அந்தப் பையன் முதுகில் சாக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கியபோது, "உனக்கு வயது போதாது" என்று சொல்ல யாரும் வரவில்லை.

அந்த வார்த்தையை அவர் முதன்முதலில் கேட்டது தமது 21-ஆம் வயதில். 1970-இல் சியாட்டல் சூப்பர்சோனிக்ஸ் குழு அவரோடு ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ. ஒத்துக்கொள்ளவில்லை. உயர்நிலைப்பள்ளியை முடித்து நான்கு ஆண்டு ஆகாத யாரும் எங்கள் குழுக்களில் ஆடக்கூடாது என்பது அதன் விதி. ஹேவுட் அதற்கு முன்பே ஏ.பி.ஏ. என்ற போட்டிச் சங்கத்தில் ஓர் ஆண்டு ஆடி, அதன் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கிவிட்டிருந்தார். திறமை போதாது என்று யாரும் சொல்ல முடியாது. காலண்டர்தான் குறுக்கே நின்றது.

அவரும் சியாட்டல் குழு உரிமையாளர் சாம் ஷுல்மனும் நீதிமன்றம் போனார்கள். போட்டி வணிகத்தைத் தடுக்கும் கூட்டுச் சதிக்கு எதிரான சட்டம்தான் அவர்களின் ஆயுதம். குழு முதலாளிகள் எல்லாரும் ஒன்றுகூடி "இவனுக்கு யாரும் வேலை கொடுக்கக்கூடாது" என்று முடிவெடுப்பது சரியா என்பதே கேள்வி. வழக்கு நடந்துகொண்டிருந்த மாதங்களில் அவர் திடலில் இறங்கும்போது, சட்டத்துக்குப் புறம்பான ஆட்டக்காரர் ஒருவர் நிற்கிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்த ஊர்களும் உண்டு. 1971 மார்ச் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அவர் தொடர்ந்து ஆடலாம் என்ற உத்தரவை மீட்டுக் கொடுத்தார். பிறகு என்.பி.ஏ. சமரசத்துக்கு வந்தது.

சமரசம் எப்படி வந்தது என்பதுதான் சுவாரசியம். நான்கு ஆண்டு விதிக்குப் பதிலாக ‘கஷ்ட நிலை’ விதி ஒன்று வந்தது. வீட்டில் வறுமை என்று நிரூபித்தால் முன்கூட்டியே ஆடலாம்! திறமையைக் காட்டினால் போதாது, ஏழ்மைக்கும் சான்றிதழ் காட்ட வேண்டும். 1976-இல் அதையும் கைவிட்டு, விருப்பம் தெரிவித்தாலே போதும் என்று மாற்றினார்கள்.

இதற்குப் பிறகு கதவு திறந்தே கிடந்தது என்றாலும் நீண்ட காலம் யாரும் பள்ளியிலிருந்து நேராக உள்ளே வரவில்லை. 1970-களில் மோசஸ் மலோன், டாரில் டாக்கின்ஸ் போன்ற சிலர். அப்புறம் இருபது ஆண்டு இடைவெளி. 1995-இல் கெவின் கார்னெட் வந்தார். 1996-இல் கோபி பிரையன்ட். 2003-இல் லெப்ரான் ஜேம்ஸ். அந்தப் பத்தாண்டில் முப்பதுக்கும் மேற்பட்டோர் பள்ளிச் சீருடையைக் கழற்றிய கையோடு தொழில்முறைச் சட்டையை மாட்டினார்கள். எல்லாரும் கோபி ஆகவில்லை. 1998-இல் டெட்ராய்ட் குழு எடுத்த கோர்லியோன் யங் ஆடியது மூன்றே ஆட்டங்கள். 2001-இல் முதல் ஆளாகத் தேர்வான குவாமி பிரவுனை ரசிகர்கள் பல ஆண்டுகள் கேலி செய்தார்கள்.

இந்தப் பெயர்களைக் காட்டித்தான் 2005-இல் புதிய விதி வந்தது. என்.பி.ஏ. தலைவர் டேவிட் ஸ்டெர்ன் 20 வயது கேட்டார். ஆட்டக்காரர் சங்கத்தோடு பேசி 19-இல் நின்றது. தேர்வு நடக்கும் ஆண்டில் 19 வயது ஆக வேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் உயர்நிலைப்பள்ளி முடித்து ஓர் ஆண்டும் கழிந்திருக்க வேண்டும். 2006 தேர்விலிருந்து இது நடப்பில் இருக்கிறது. 2018-இல் கொண்டலீசா ரைஸ் தலைமையிலான குழு இதை நீக்கச் சொன்னது. ஆனாலும் 2023-இல் எழுதப்பட்ட புதிய ஒப்பந்தத்திலும் விதி அப்படியே இருக்கிறது.

விதியை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பதினெட்டு வயதில் கையில் கோடிக்கணக்கில் பணம் வந்தால் பையன் கெட்டுப்போவான், எலும்பு முற்றவில்லை, ஓர் ஆண்டாவது கல்லூரி வாசனை படட்டும் என்கிறார்கள். எதிர்ப்பவர்களோ, அதே பதினெட்டு வயதில் துப்பாக்கி கொடுத்துப் போருக்கு அனுப்புகிறீர்களே என்று கேட்கிறார்கள்.

ஆனால் இரண்டு பக்கமும் சத்தமாகப் பேசாத ஒன்று உண்டு. அந்த ஓர் ஆண்டில் பையன் சும்மா இருக்கவில்லை. ஆடிக்கொண்டுதான் இருந்தான், சம்பளம் இல்லாமல். 2019 பிப்ரவரி 20-ஆம் தேதி டியூக் பல்கலைக்கழகத்துக்கும் வட கரோலினாவுக்கும் நடந்த ஆட்டத்தில் ஸயான் வில்லியம்சன் என்ற 18 வயது இளைஞரின் காலணி கிழிந்து முழங்கால் பிசகியது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைய நுழைவுச்சீட்டுகள் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறின. தொலைக்காட்சிக்குப் பணம், பல்கலைக்கழகத்துக்குப் பணம், காலணி நிறுவனத்துக்கு விளம்பரம். கீழே விழுந்தவருக்கு மட்டும் உதவித்தொகையைத் தவிர வேறு எதுவும் வாங்க விதி இடம் தரவில்லை. நல்லவேளை, காயம் சிறியது. அந்த ஆண்டே அவர் முதல் ஆளாகத் தேர்வானார். கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலையில்தான் வந்தது. அதற்குப் பிறகே அந்த ஓர் ஆண்டுக் காத்திருப்பு பலருக்கு வலிக்காமல் போனது.

ரப்பர் காட்டின் கணக்கு

கூடைப்பந்து ஈப்போவில் சீனப்பள்ளி வளாகத்து ஆட்டம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திடல் என்றால் கால்பந்துத் திடல்தான். ஆகவே ஹேவுட் வழக்கு நம் ஊருக்கு எட்டாத கதை என்று தோன்றலாம். பருத்திச் சாக்கு இருந்த இடத்தில் பால் வாளியை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

ரப்பர் இந்த நாட்டில் வேர் பிடித்த இடங்களில் முதன்மையானது பேராக். 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்றும் மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் முதிர்ந்த மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் பிள்ளைகள் சுங்கை சிப்புட்டைச் சுற்றிலும், கிந்தா பள்ளத்தாக்கின் ஓரங்களிலும், தெற்கே தெலுக் இந்தான் வரையிலும் காடாகப் பரவின. அந்தக் காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆள் என்றால் ஆண் மட்டுமல்ல, குடும்பமே.

விடியுமுன் பெரட்டு. பிறகு ஆளுக்கொரு நிரை. தாய் மரம் சீவிக்கொண்டே போவாள். பின்னால் வரும் பிள்ளை மங்கு துடைக்கும், ஒட்டுப்பால் உரிக்கும், வெயில் ஏறியதும் பாலை வாளியில் ஊற்றித் தூக்கிவரும். கிராணியின் செக்ரோலில் அந்தப் பிள்ளைக்குப் பெயர் இராது. ஆனால் ஸ்டோரில் நிறுக்கும் பால் எடையில் அதன் கையும் இருக்கும். சட்டம் தேடுவது பெயரை. பெயரே இல்லாத இடத்தில் அது எதைப் பிடிக்கும்?

சட்டம் இல்லாமல் போய்விடவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஒரே அறையில் எல்லா வகுப்பும் என்ற அளவில் நின்றாலும், நமது தமிழ்ப்பள்ளிகளின் பிறப்புச் சான்றிதழ் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு 1966-இல் சிறார், இளையோர் வேலைச் சட்டம் வந்தது. 14 வயது நிறையாதவர் சிறார். அவரை வேலைக்கு வைக்கக்கூடாது. குடும்பம் நடத்தும் தொழிலில் இலேசான வேலை, உரிமம் பெற்ற பொதுக் கேளிக்கை என்று சில விலக்குகள். தோட்டம் கம்பெனிக்குச் சொந்தம், குடும்பத்துக்கு அல்ல. ஆனாலும் லயத்தில் யாரும் அப்படிப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ‘அம்மாவின் நிரை’ என்றுதான் சொன்னார்கள். அம்மாவின் நிரையில் பிள்ளை வேலை செய்வது வீட்டு வேலை மாதிரிதானே!

இப்போது ஒரு சிறு கணக்கு. பேனா எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

தமிழ்ப்பள்ளியில் ஏழு வயதில் முதலாம் வகுப்பு. பன்னிரண்டில் ஆறாம் வகுப்பு முடியும். 1964 வரை இடைநிலைப்பள்ளிக்குப் போக நுழைவுத் தேர்வு இருந்தது, தேறியவருக்கே இடம். 1965 முதல் அது நீங்கி, எல்லாரும் மூன்றாம் படிவம் வரை படிக்கலாம் என்றானது. பெரிய மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நேராக முதலாம் படிவத்துக்குப் போக முடியாது. மொழி மாறுவதால் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்கார வேண்டும். அங்கே வயது 13. முதலாம் படிவத்தில் கால் வைக்கும்போது 14. எல்.சி.இ. தேர்வு எழுதும் மூன்றாம் படிவத்தில் 16.

14 என்ற எண் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் விழும் இடத்தைப் பாருங்கள். பட்டணத்துப் பள்ளியில் முதலாம் படிவத்தில் நுழைந்து, புதிய மொழியில் கணக்கும் அறிவியலும் புரியாமல் திணறும் அதே ஆண்டில், சட்டம் வந்து "இனி நீ தோட்டத்தில் பேர் பதியலாம்" என்கிறது. ஒரு பக்கம் பஸ் கட்டணம், சப்பாத்து, சீருடை, புத்தகம். இன்னொரு பக்கம் செக்ரோலில் இன்னொரு பெயர், லயத்துக்கு இன்னொரு கூலி. எந்தக் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வயது விதி பிள்ளையைப் பன்னிரண்டு வயதிலிருந்து பதினான்கு வரை காத்திருக்கச் சொன்னது. காத்திருந்த காலத்தில் கையில் கிடைத்தது ஒரு புகுமுக வகுப்பு. அதற்குச் சான்றிதழ் கிடையாது. அமெரிக்கப் பையனின் கல்லூரி ஆண்டைப் போலவே அதுவும் கடக்க வேண்டிய ஓர் ஆண்டு. வேறுபாடு ஒன்றுதான். அவனுக்கு மறுகரையில் கோடி காத்திருந்தது. இவனுக்கு மறுகரையில் இருந்தது வாளி.

"தமிழ்ப் பெற்றோர் படிப்பின் அருமை தெரியாதவர்கள், பிள்ளையை மடக்கிக் காட்டுக்கு அனுப்பினார்கள்" என்ற பேச்சு மேடைகளில் அடிக்கடி அடிபடும். அது சரியான பேச்சல்ல. மரம் சீவியவர்களுக்குக் கணக்குத் தெரியும். பால் விலை இறங்கினால் கூலி என்னாகும், மழை பெய்தால் எத்தனை நாள் பெரட்டு இல்லை என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. இரண்டு ஆண்டு பள்ளிச் செலவைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் படிவம் எழுதித் தேறாமல் திரும்பி வந்த அண்டை வீட்டுப் பையனையும் பார்த்தார்கள். கணக்கு உதைத்தது. ஹேவுட்டின் தாய்க்கும் இதே கணக்குத்தான்.

கணக்கை மாற்ற முயன்றவர்கள்

எண்ணை மட்டும் உயர்த்திப் பயனில்லை, காத்திருக்கும் வீட்டுக்கு வழி செய்ய வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் பேராக்கிலேயே இருந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் தமது ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை எழும்பக் காரணமாக இருந்தார். 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், வெள்ளைக்காரர்கள் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர் பணத்திலேயே வாங்கியது. தோட்டம் தோட்டமாக நடந்து பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் அது. உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் அதே சங்கத்திலிருந்து போனது. பிறகு 1982-இல் டாக்டர் மா. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், தேர்வுக்கு முன் தடுமாறி நிற்கும் பிள்ளைகளைக் கைபிடித்துத் தூக்கிவிடப் பார்த்தது. எல்லாப் பிள்ளைக்கும் இவை எட்டின என்று சொல்ல முடியாது. எட்டிய வீட்டில் பிள்ளை நான்காம் படிவம் போனது.

விளையாட்டு உலகில் இதற்கு ஒப்பான நல்ல எடுத்துக்காட்டு கூடைப்பந்தில் இல்லை, பெண்கள் டென்னிஸில் இருக்கிறது. 1990-இல் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 14 வயது நிறையும் முன்பே தொழில்முறையில் இறங்கினார். சில ஆண்டுகளில் மனமும் உடலும் சோர்ந்து ஒதுங்கினார். அதற்குப் பிறகு பெண்கள் டென்னிஸ் சங்கம் கொண்டுவந்த விதி கதவை ஒரேயடியாகச் சாத்தவில்லை. 14 வயதில் சில போட்டிகள், 15-இல் கொஞ்சம் கூட, 18-இல் முழு அனுமதி என்று படிப்படியாகத் திறந்தது. சம்பாதிக்கலாம், அளவோடு. கேப்ரியாட்டி திரும்பி வந்து 2001-இல் ஆஸ்திரேலியப் பட்டத்தையும் வென்றார்.

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங்கின் கதையும் இந்த இடத்தில் பொருந்தும். 14 வயதில் உதவித்தொகையோடு அமெரிக்கப் பயிற்சிக் கழகம் ஒன்றுக்குப் போனார். 2015-இல், வயது விதி கேட்ட 19 ஆனதும், டல்லாஸ் குழு அவரை 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. தேர்வில் இடம் பிடித்த முதல் ஆள். அந்த மேடையில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இன்று தொழில்முறை மல்யுத்தத்தில் இருக்கிறார். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளும் அவருடைய சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வீட்டார் நிலத்தை விற்க வேண்டியிருக்கவில்லை. காத்திருந்த காலத்துக்கு வேறொருவர் செலவு செய்தார்.

மலேசிய இளைஞர்களுக்கும் இப்படியொரு வேலி உண்டு. 18 வயது ஆகாத கால்பந்து ஆட்டக்காரரை, சில விலக்குகள் தவிர, வெளிநாட்டுக் குழு வாங்கக்கூடாது என்பது ஃபிஃபா விதி. கிளந்தானைச் சேர்ந்த லுக்மான் ஹாக்கிமுக்கு 2019-லேயே பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் குழு ஒப்பந்தம் தயாராக இருந்தும், 18 ஆகும்வரை, 2020 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அவர் தேசிய இளையோர் பயிற்சித் திட்டத்தில் உண்டு உறங்கிப் பொறுத்தார். தோட்டத் திடலில் வெறுங்காலோடு ஆடி, இருட்டியதும் லயத்துக்குத் திரும்பிய பையன்களுக்கு அப்படிப் பொறுத்திருக்க ஓர் இடம் இருந்ததில்லை.

சட்டம் மெல்ல நகர்ந்தது. வேலைக்குரிய குறைந்த வயது பொதுவாக 15 என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் உடன்பாடு எழுதியது 1973-இல். மலேசியா அதை ஏற்றது 1997-இல். 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமானது. சிறார் சட்டத்தில் 14 என்ற எண்ணை 15 ஆக்கும் திருத்தம் 2010-இல் நிறைவேறி, 2011 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்குள் பேராக்கின் ரப்பர் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியிருந்தது. லயங்கள் பல உடைக்கப்பட்டுவிட்டன. 1966-இல் 14 வயதில் செக்ரோலில் பெயர் பதிந்த பையனுக்கு அந்த 2011-இல் வயது 59. சேமநிதிப் பணத்தை எடுக்கும் 55 வயதை அவர் தாண்டி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.